புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு படம் பார்க்கலாமா?

நாவல், சிறுகதையிலிருந்து வந்த படங்களைப் பற்றி இந்த மாதம் கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிக்குப் பாதி கோபக் கடிதங்கள். நான் கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள், அதனால் எப்போதும் புத்தகத்தின் பக்கம்தான் பேசுவேன் என்று சிலர் முன்கூட்டியே தீர்ப்பும் எழுதிவிட்டார்கள். பார்ப்போம்.

கேள்வி: 'பொன்னியின் செல்வன்' படத்தில் மணிமேகலையையே காணோம். சேந்தன் அமுதனின் ரகசியமும் இல்லை. இதற்குப் பெயர் பொன்னியின் செல்வனா?
– ஆர்.எஸ்., கும்பகோணம்

பதில்: கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதியது, ஐந்து பாகம். 2022-லும் 2023-லும் வந்த இரண்டு படங்களையும் சேர்த்தால் ஐந்தரை மணி நேரம். எதையாவது விட்டே ஆக வேண்டும். அதனால் என்னென்ன காணோம் என்று கணக்கெடுக்காதீர்கள். காணாமல் போனதன் மேல் எது சாய்ந்துகொண்டு நின்றது என்று பாருங்கள்.

மணிமேகலை போனதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் அவள் இல்லாமலும் கதை நிற்கிறது. சேந்தன் அமுதன் விஷயம் அப்படியல்ல. நாவலில் அவன் பூமாலை கட்டிச் சிவனுக்குச் சாத்துகிற பிள்ளை. தேவாரம் பாடிக்கொண்டிருந்தால் போதும், வேறெதுவும் வேண்டாம். கடைசியில் பார்த்தால் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த உண்மையான மதுராந்தகன் அவன்தான். மதுராந்தகன் என்ற பெயரில் வளர்ந்து, அரசுக்கு ஆசைப்பட்டுச் சதியில் சேர்ந்தவன் வாரிசே இல்லை. ஆசையில்லாதவன் தலையில், அதைவிட ஆசையில்லாத அருள்மொழி கிரீடத்தை வைக்கிறான். ஐந்தாம் பாகத்துக்கு 'தியாக சிகரம்' என்று பெயர் வைத்தது அதற்காகத்தான்.

படத்தில் சதி செய்த மதுராந்தகனுக்கே முடி கிடைக்கிறது. செயல் ஒன்றுதான், அர்த்தம் வேறு. அங்கே தகுதியானவனுக்குக் கொடுத்தது, இங்கே கேட்டவனுக்கு விட்டுக்கொடுத்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சித்தப்பன் மதுராந்தகனுக்கு அரசின் மேல் ஆசை இருக்கும்வரை அருள்மொழி அதை மனத்தாலும் விரும்பவில்லை என்றுதான் சோழர் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. கல்கியை விட்டு விலகிய இடத்தில் படம் செப்பேட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது! நீளத்தைக் குறைக்கப் போய் அங்கே விழுந்திருந்தாலும் சரி, எனக்கு அது பிடித்தது. என் குறை வேறு. மதுராந்தகன் மனம் மாறுவதற்குப் படம் நேரமே கொடுக்கவில்லை. அதைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: புத்தகம் படிக்காமல் படத்தை விமர்சிக்கலாமா? எங்கள் வகுப்பில் பெரிய சண்டை.
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: தாராளமாக. டிக்கெட் எடுத்தவருக்கு அந்த உரிமை உண்டு. 'நாவல் படித்திருந்தால் புரியும்' என்று யாராவது படத்துக்கு வக்காலத்து வாங்கினால், அந்தப் படம் எங்கேயோ தடுக்கி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். ஒன்றே ஒன்று, படம் மட்டும் பார்த்துவிட்டு 'பூமணி இப்படிச் சொல்கிறார்' என்று பரீட்சையில் எழுதிவிடாதே.

பூமணியை ஏன் இழுக்கிறேன் என்றால், அவருடைய 'வெக்கை' நாவலிலிருந்து எடுத்த 'அசுரன்' வந்தபோது நூலகத்தில் கண்ணால் பார்த்தேன். எங்கள் கிளையில் இருந்த 'வெக்கை' பிரதியின் தேதித்தாளில் பல வருடத்துக்கும் சேர்த்து நாலைந்து முத்திரைதான் இருந்தது. 2019 தீபாவளிக்குப் பிறகு புதுத்தாள் ஒட்ட வேண்டி வந்தது. திருப்பிக் கொடுக்கும்போது ஒரு பையன் கேட்டான்: "செருப்பு சீன் எங்கம்மா இருக்கு? தேடிப் பார்த்துட்டேன்." அது புத்தகத்தில் இல்லை. செருப்புப் போட்டதற்காக அடி வாங்கும் பெண், பஞ்சமி நிலம், எரியும் குடிசைகள் எல்லாம் வெற்றிமாறன் சேர்த்தவை. எரியும் குடிசைகளைப் பார்க்கும் எவருக்கும் 1968 கீழ்வெண்மணி நினைவுக்கு வரும். 1982-ல் வந்த நாவலோ சாதிப் பெயரைச் சொல்லாமலே நடக்கிறது. கையை வெட்டப் போய் ஆளையே வெட்டிவிட்ட பதினைந்து வயதுப் பையனும் அவன் அப்பாவும் காட்டில் ஒளிந்து, கிடைத்ததைச் சமைத்துத் தின்று, பழங்கதை பேசிக்கொண்டிருப்பதுதான் நாவல். கொலை முதல் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் பசியும் காடும் அப்பனும் பிள்ளையும்.

படம் அந்தப் பையனிடமிருந்து கதையை எடுத்து அப்பா கையில் கொடுத்துவிட்டது. தனுஷ் மாதிரி நடிகர் கிடைத்தால் யாருக்குத்தான் கொடுக்கத் தோன்றாது? படிப்பைப் பற்றி அந்த அப்பா சிவசாமி கடைசியில் பேசுவதைப் புத்தகத்தில் தேட வேண்டாம், அது படத்தின் சொந்தச் சொத்து. நல்ல சொத்து.

கேள்வி: 'விசாரணை' உண்மைச் சம்பவம் என்கிறார்கள். பாதிக்கு மேல் கற்பனை என்றும் சொல்கிறார்கள். எது சரி?
– எம்.கே., திருப்பூர்

பதில்: இரண்டும் சரி. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் 1983-ல் குண்டூரில் பிழைக்கப் போன இடத்தில் பிடிபட்டுக் காவல் நிலையத்தில் பட்ட அடிகளை 'லாக்கப்' என்று புத்தகமாக எழுதினார். 2015-ல் வந்த படத்தின் முதல் பாதி ஏறக்குறைய அதுதான். அந்தப் பையன்கள் விடுதலையாகி, தமிழ்நாட்டுப் போலீஸ் அதிகாரி ஒருவருக்கு உதவப் போய், ஆடிட்டர் ஒருவரின் சாவுக்குச் சாட்சியாகி மாட்டிக்கொள்ளும் இரண்டாம் பாதி திரைக்கதையில் பிறந்தது.

ஆனால் எவ்வளவு கற்பனை என்று சதவீதம் போடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. இந்தப் புத்தகத்தின் பலம் எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். இலக்கிய நயத்தில் இல்லை. அதைத் தேடிப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். எழுதியவர் உயிரோடு வெளியே வந்தார் என்பதில்தான் இருக்கிறது. அடித்தவர்கள், யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்து அடித்தார்கள். அடி வாங்கியவர் வெளியே வந்து, ஆட்டோ ஓட்டி, ஒருநாள் உட்கார்ந்து நடந்ததை எழுதிவிட்டார். ஒவ்வொரு பக்கத்துக்குப் பின்னாலும் 'நான் இருக்கிறேன், சொல்கிறேன்' என்கிற ஒரு ஆள் நிற்கிறார்.

படத்தின் முடிவில் சொல்வதற்கு ஆளே மிஞ்சுவதில்லை. அந்தப் பையன்களில் பாண்டியும் அவன் நண்பனும் இருட்டில் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். கொஞ்சம் மனசாட்சி இருந்த அந்த அதிகாரியும் போய்விடுகிறார். மறுநாள் பேப்பரில் போலீஸ் சொல்வதுதான் கதை. அதாவது படம் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிவிட்டது. புத்தகம் தப்பித்தவனின் வாக்குமூலம், படம் வாக்குமூலமே இல்லாமல் போனவர்களின் கணக்கு. இது துரோகமா என்றால், இல்லை என்பேன். ஒருவர் தப்பித்து எழுதினார், தப்பிக்காதவர்களுக்கு யார் எழுதுவது என்று கேட்டால் அந்த இரண்டாம் பாதிதான் வரும். மூலத்தைப் புரிந்துகொண்டவன் மட்டுமே இப்படி எதிர்ப்பக்கம் போக முடியும். அந்த ஆண்டு தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம் என்று கொடுத்தார்கள். அந்த அதிகாரியாக நடித்த சமுத்திரக்கனிக்கும் கொடுத்தார்கள். எல்லாம் நியாயம்தான்.

இதைப் படித்துவிட்டு 'அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் மாற்றலாமா' என்று கேட்பீர்கள். அடுத்த கடிதம் அதுதான்.

கேள்வி: பாலாவின் 'பரதேசி' பார்த்து அழுதேன். பிறகு 'எரியும் பனிக்காடு' படித்தேன். அந்த டாக்டர் விஷயத்தில் ஏதோ உறுத்துகிறது. என் உறுத்தல் சரியா?
– ஜே.பி., வால்பாறை

பதில்: ரொம்பச் சரி. வால்பாறையிலிருந்து கேட்கிறீர்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

பி.எச். டேனியல் என்ற மருத்துவர் ஆனைமலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர், தொழிலாளர்களுக்காகச் சங்கம் கட்டியவர். அங்கே கேட்டதையும் கண்டதையும் வைத்து ஆங்கிலத்தில் எழுதிய நாவல் 1969-ல் வந்தது. அதை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் கொடுத்தார். நெல்லைச் சீமையின் வறண்ட கிராமம் ஒன்றிலிருந்து கறுப்பனும் வள்ளியும் கங்காணியின் முன்பணத்தை நம்பி மலை ஏறுகிறார்கள். குளிர், அட்டை, காய்ச்சல், தீராத கடன். அங்கே ஆபிரகாம் என்று ஒரு டாக்டர் வருகிறார். தொழிலாளிக்கும் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று தோட்டத் துரைகளோடு முட்டிக்கொள்கிறவர். எழுதிய டேனியலின் நிழல் அவர் மேல் விழுந்திருப்பது யாருக்கும் தெரியும்.

2013-ல் வந்த படத்தில் பாராட்ட வேண்டியது எவ்வளவோ. சாலூர் கிராமமும் அந்த நடைப்பயணமும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. வழியில் விழுந்தவனை விட்டுவிட்டு நடக்கச் சொல்லும்போது பின்னால் நீளுகிற அந்தக் கை ஒன்று போதும். முடிவில் காதலி அங்கம்மாவும் குழந்தையும் அதே நரகத்துக்கு வந்து சேர்வதைப் பார்த்துப் படத்தின் நாயகன் ராசா பாறைமேல் நின்று கதறுவது தமிழ் சினிமாவின் கடினமான முடிவுகளில் ஒன்று. தப்பி ஓடியவனின் கால் நரம்பை வெட்டுவதைக்கூட நான் கண்ணை மூடாமல் பார்த்தேன், அதில் பொய் இல்லை.

டாக்டர் வருகிறார், எல்லாம் மாறிவிடுகிறது. படத்து டாக்டர் ஆட்டம் பாட்டத்தோடு மதம் மாற்றுகிறவர். காய்ச்சலில் ஜனங்கள் சாகும்போது ரொட்டியும் ஜெபமுமாக ஒரு குத்துப்பாட்டு. கூத்தாக எடுத்ததுகூடப் பரவாயில்லை. மிஷன்காரர்களைக் கிண்டல் செய்யக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, நல்ல கிண்டலை நானும் ரசிப்பேன். ஆனால் நாவலில் தோட்ட முதலாளித்துவத்தை எதிர்த்து நின்ற ஒரே படித்த ஆளை எடுத்து, அவரையே சுரண்டலின் பங்காளியாக்கி நிறுத்தியிருக்கிறார்கள். 'விசாரணை' சேர்த்த இரண்டாம் பாதி அடி வாங்கியவர்கள் பக்கம் நின்று சேர்த்தது. இங்கே பழி இடம் மாறிவிட்டது. கங்காணிக்கும் துரைக்கும் கம்பெனிக்கும் போக வேண்டிய நம் கோபத்தில் ஒரு பங்கு டாக்டருக்குப் போகிறது. அதனால்தான் உங்களுக்கு உறுத்துகிறது.

சரி, ஆபிரகாம் நல்லவர் என்பதாலேயே நாவல் உசத்தியா? அப்படியும் இல்லை. கடைசியில் ஒரு நல்ல டாக்டர் வந்து கொஞ்சம் வெளிச்சம் காட்டுவது நாவலில் சற்று சௌகரியமாகவே இருக்கிறது. வெளிச்சமே வேண்டாம் என்று பாலா முடிவெடுத்திருந்தால், டாக்டரை அடியோடு எடுத்துவிட்டிருக்கலாம். 'பரதேசி' அப்போது இன்னும் பெரிய படமாகியிருக்கும்.

கேள்வி: எழுத்தாளர் செத்துப்போன பிறகு கதையை மாற்றுவது கேட்பாரற்ற சொத்தில் வேலி போடுவது மாதிரி இல்லையா? புதுமைப்பித்தனுக்கு மகேந்திரன் செய்தது?
– வி.எல்., பாளையங்கோட்டை

பதில்: எங்கள் ஊர்க்காரர் சண்டைக்கு வருகிறார், வாருங்கள் அண்ணாச்சி.

புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' பட்டணத்துக் கதை. பேராசிரியர் சுந்தரவடிவேலு, இளைய மனைவி மரகதம், தாயில்லாத குழந்தைகள். அதை வைத்து மகேந்திரன் எடுத்து 1979-ல் வந்த 'உதிரிப்பூக்கள்' கிராமத்துக் கதை. சுந்தரவடிவேலு என்ற பெயர் அப்படியே இருக்கிறது. ஆனால் ஆள் வேறு. மற்றவர்கள் சந்தோஷமாக இருந்தால் தாங்காத பள்ளிக்கூட மேனேஜர். முடிவில் ஊரே சேர்ந்து அவனை ஆற்றில் இறங்கச் சொல்கிறது. இறங்குமுன், இத்தனை நாள் தான் செய்ததிலேயே பெரிய தப்பு உங்கள் எல்லாரையும் என்னைப் போல மாற்றியதுதான் என்கிறான். கரையில் இரண்டு பிள்ளைகள். கதையில் இதெல்லாம் கிடையாது. பெரியவர்களின் வீட்டுக்குள் குழந்தைகள் என்ன ஆகிறார்கள் என்ற கேள்வி மட்டும் புதுமைப்பித்தனுடையது, அது படத்தின் ஒவ்வொரு ஃபிரேமிலும் இருக்கிறது. மகேந்திரன் அவர் பெயரை மறைக்கவும் இல்லை. நாலு காட்சியை உருவிக்கொண்டு மூச்சுவிடாமல் இருப்பவர்கள் பற்றி நீங்கள் எழுதியிருந்தால் உங்களோடு சேர்ந்து நானும் திட்டியிருப்பேன்.

சினிமாவால் புதுமைப்பித்தனுக்கு நேர்ந்த உண்மையான நஷ்டம் வேறு. பாகவதரின் 'ராஜமுக்தி'க்கு வசனம் எழுதப் புனே போனவர் காசநோயோடு திரும்பினார். 1948-ல் திருவனந்தபுரத்தில் காலமானார்.

கேள்வி: உயிரோடு இருக்கும் எழுத்தாளரே தன் கதையை மாற்றினால்?
– எஸ்.என்., புதுச்சேரி

பதில்: ஜெயகாந்தனைத்தான் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். 1966-ல் 'அக்கினிப் பிரவேசம்' விகடனில் வந்தது. மழையில் பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண் முன்பின் தெரியாதவனின் காரில் ஏறி, கெட்டுப்போய் வீடு திரும்புகிறாள். அம்மா தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அதற்கு எழுந்த கூச்சல் கொஞ்சமா? அது எப்படி ஒரு அம்மா அப்படிச் சொல்வாள் என்று குதித்தார்கள்.

'சரி, நீங்கள் சொல்கிறபடியே அம்மா நடந்துகொள்ளட்டும், என்ன ஆகிறது பாருங்கள்' என்று ஜெயகாந்தன் நாவலாகவே எழுதினார். அம்மா கத்துகிறாள், தெருவுக்கே தெரிகிறது, அண்ணன் துரத்துகிறான், ஆதரவு தந்த மாமாவின் கண் வேறுமாதிரி பார்க்கிறது. கங்கா படித்து, வேலைக்குப் போய், யாரோடும் ஒட்டாமல் வாழ்கிறாள். அந்தச் சிறுகதையை எழுதியவர் என்றே ஒரு பாத்திரமும் உள்ளே வருகிறார். அந்த நாவல்தான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அதற்கு 1972-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. 1977-ல் பீம்சிங் படமாக்கினார். திரைக்கதை ஜெயகாந்தனே. லட்சுமிக்குத் தேசிய விருது.

இதில் எது மூலம்? படத்தை நாவலோடு ஒப்பிட்டு 'அப்படியே எடுத்திருக்கிறார்கள்' என்று மெச்சுகிறவர்கள், நாவலே ஒரு சிறுகதையின் முடிவை மாற்றிப் பிறந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். சிறுகதையில் ஒரு குடம் தண்ணீர் என்ன செய்தது என்பது, அந்தத் தண்ணீர் இல்லாத நாவலைப் படித்தால்தான் முழுசாகத் தெரிகிறது. எனக்கு இன்றும் சிறுகதையின் அம்மாவைத்தான் பிடிக்கும்.

கேள்வி: சத்யஜித் ரே மூலத்துக்கு விசுவாசமானவர். நம்மவர்கள் ஏன் அப்படி இல்லை?
– டி.ஆர்., சேலம்

பதில்: யார் சொன்னது? 'சாருலதா' 1964-ல் வந்தபோது, தாகூரின் 1901-ஆம் ஆண்டுக் கதையைக் கெடுத்துவிட்டார் என்று வங்காளிகளே பிடித்து உலுக்கினார்கள். காட்சி காட்சியாக ஏன் மாற்றினேன் என்று ரே நீண்ட பதில் எழுத வேண்டி வந்தது. தாகூர் கதையின் முடிவில், தயங்கித் தயங்கிக் கணவன் கூப்பிடுகிறான், சாரு வரவில்லை என்கிறாள். படத்தில் இரண்டு கைகள் நீண்டு, தொடுவதற்கு முன்பே உறைந்து நிற்கின்றன. ரே சாரு வாயிலிருந்து அந்தப் பதிலை எடுத்துவிட்டார், ஆனால் தம்பதிக்கு நடுவில் இருக்கும் தூரத்தை எடுக்கவில்லை. தூரத்திலிருந்து பார்ப்பதால் நமக்கு அவர் விசுவாசமாகத் தெரிகிறார், அவ்வளவுதான்.

கேள்வி: இவ்வளவு எழுதுகிறீர்களே, நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டுவிட்டால் வேலை முடிந்ததே?
– கே.ஏ., ஈரோடு

பதில்: விகடன் '16 வயதினிலே'வுக்கு 62½ போட்டது. அந்த அரை மதிப்பெண் எதற்கு என்று நாங்கள் பேசித் தீர்த்ததே இல்லை. போடுகிறவர்கள் போடட்டும், படிக்க எனக்கும் பிடிக்கும்.

கேள்வி: 'முள்ளும் மலரும்' நாவலில் காளியின் கையைப் புலி கடிக்குமாமே?
– சிறுவன், தேனி

பதில்: ஆமாம் தம்பி. உமாசந்திரனின் நாவலில் புலி, 1978-ல் வந்த படத்தில் லாரி. புலியைக் காட்டியிருந்தால் உனக்குப் பிடித்திருக்கும். எனக்கு லாரிதான் சரி. தன் திமிரில் தானே வாங்கிக்கொண்ட அடி என்று காளிக்கும் தெரிய வேண்டுமில்லையா?

கேள்வி: பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு மூலத்தையும் படத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும். எதில் தொடங்கலாம்?
– தமிழாசிரியை, விருதுநகர்

பதில்: விருதுநகர் என்றால் யோசிக்கவே வேண்டாம், 'தண்ணீர் தண்ணீர்'. கோமல் சுவாமிநாதனின் நாடகம், 1981-ல் பாலசந்தர் படமாக்கினார். உங்கள் பக்கத்து வெயிலும் தண்ணீர்ப் பஞ்சமும் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

முதலில் நாடகத்தைப் பிள்ளைகளையே பாத்திரம் பிரித்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். மேடையில் மணல்காட்டைக் காட்ட முடியாது, குடத்தோடு மைல்கணக்கில் நடக்கும் பெண்களைக் காட்ட முடியாது. எல்லாவற்றையும் அத்திப்பட்டிக்காரர்கள் பேசியே நம்மை நம்ப வைக்கிறார்கள். அப்புறம் படத்தைப் போடுங்கள். செவந்தியாக வரும் சரிதா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கும்போது, மேடையில் வசனமாகச் சொன்னதைப் படத்தில் பேச வேண்டியதில்லை என்று பிள்ளைகளுக்குத் தானாகத் தெரியும். அப்படியும் படத்தில் சில இடங்களில் மேடைப் பேச்சு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அந்த இடங்களைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், அதுவே நல்ல பயிற்சி. படம் பிடிக்கவில்லை என்று சொல்கிற பிள்ளைக்கும் முழு மதிப்பெண் போடுங்கள், எந்தக் காட்சி என்று காட்டிவிட்டால்.

பிரதி கிடைக்கவில்லை என்றால் மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள். நாவல் வரிசையில் தேடாதீர்கள், நாடகம் தனி அடுக்கில் இருக்கும்.